விழுங்கியது பாதி வழியில் நிற்கிறது (குரல்வளை எடுத்து 14 மாதம்)

பழைய வாத்தியார் எழுதியது:

எனக்குப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்து 14 மாதம் ஆகிறது. அதன் பிறகு ஆறரை வாரம் கதிர் சிகிச்சை. பள்ளியில் வரலாறு நடத்தியவன். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் என்று பெயர் வாங்கியவன். அந்தக் குரல் போனதற்கு எப்படியோ பழகிவிட்டேன். இப்போது மூச்சு விடுவது கழுத்தில் போட்ட துளை வழியாக; அதைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, உள்ளே பொருத்திய குரல் வால்வு வழியாகப் பேசுகிறேன். தாத்தா தொண்டைக்குள் மோட்டார் வைத்திருக்கிறார் என்று பேரன் தன் சிநேகிதர்களிடம் பெருமையடிக்கிறான். பேச்சு பரவாயில்லை. தகராறு சாப்பாட்டில்தான்.

கதிர் சிகிச்சைப் புண் ஆறியபின் ஏழெட்டு மாதம் ஓரளவு சரியாகவே சாப்பிட்டேன். மெதுவாக, மென்று, நடுநடுவே தண்ணீர் குடித்து. கடந்த மூன்று மாதமாகத்தான் மாற்றம். முதலில் இறைச்சி நின்றது. அப்புறம் ரொட்டி. இப்போது அவித்த முட்டையின் மஞ்சள் கருகூட நின்றுவிடுகிறது. அது எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவேன்: நாக்கு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே. அதன் மேல் தண்ணீர் குடித்தால் அந்தத் தண்ணீரும் இறங்காமல், ஒரு நொடி யோசித்துவிட்டு, மூக்கு வழியாக வெளியே வருகிறது. முதல் தடவை விருந்தினர் முன்னால் அப்படி வந்தது. அதன் பிறகு நான் விருந்தினரோடு உட்கார்வதில்லை.

ஒரு வேளை உணவுக்கு 50 நிமிடம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் எழுந்து கை கழுவி, மேசையைத் துடைத்து, என் தட்டைச் சுற்றி மட்டும் துடைக்காமல் விட்டுவிட்டுப் போவார்கள். எடை 71 கிலோவிலிருந்து 64.

இன்னொன்று. உணவு சிக்கிக்கொண்டால் என் மனைவி பதறிப்போய் முதுகில் அறைகிறாள். எனக்கு மூச்சு முட்டவில்லை, மூச்சு கழுத்தில் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல நினைப்பேன். ஆனால் வால்வில் பேசுகிற காற்றும் அதே தொண்டை வழியாகத்தானே வரவேண்டும்? அங்கே முட்டை உட்கார்ந்திருக்கிறது. ஆக, எந்த நேரத்தில் 'ஒன்றுமில்லை' என்று சொல்லவேண்டுமோ அந்த நேரத்தில்தான் பேச்சு வராது. கையைக் கையை ஆட்டுவேன். நான் துடிக்கிறேன் என்று நினைத்து இன்னும் இரண்டு அறை விழும்.

சில நாள் வெறும் தண்ணீர் குடித்தாலும் இருமல் வருகிறது. மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் இப்போது வேறு வேறு வழி, இனிமேல் புரையேறாது என்றுதானே சொன்னார்கள்?

கேட்டவர்கள் எல்லோரும் "இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். அப்படித்தானா?

—

மெதுவாப்போ எழுதியது:

அப்படித்தான் ஐயா. நான் ஆறு வருஷமா எல்லாத்தையும் மிக்ஸியில் அரைச்சுக் குடிக்கிறேன். பழகிட்டா கஷ்டமில்லை. எடைக்குச் சத்துமாவு மாதிரி ஏதாவது சேர்த்துக்குங்க.

—

ஒன்பதாம் வருடம் எழுதியது:

வாத்தியாரையா, மேலே சொன்ன தம்பி மீது எனக்குக் கோபமில்லை, ஆனால் நானும் அதே "பழகிட்டா" என்ற பேச்சைக் கேட்டு இரண்டு வருடம் வீணடித்தவள். எனக்கு அறுவை நடந்து ஒன்பதாவது வருடம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது ஒரே வரி: "ஏழெட்டு மாதம் சரியாக இருந்தது, மூன்று மாதமாக மாற்றம்." ஆரம்பத்திலிருந்தே சிரமம் என்றால் ஒரு கதை. நன்றாக இருந்தது கெட்டுப்போனால் அது வேறு கதை. அப்படி மாறினால் அறுவை செய்த டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நோய் திரும்பியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்து, இல்லை என்று உறுதியானபின் மற்றதெல்லாம். நானும் அந்த வயிற்றுக்கலக்கத்தோடுதான் போனேன். தழும்பு இறுகி வழி சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்பதைக் கருவி உள்ளே போட்டுப் பார்த்தபின்தான் டாக்டர் சொன்னார்.

முதுகில் அறைவது பற்றி: சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். என் மகனும் அப்படித்தான். கடைசியில் ஒரு அட்டையில் எழுதி சாப்பாட்டு மேசையில் நிறுத்தி வைத்தேன்: "மூச்சு வருகிறது. உணவுதான் நிற்கிறது. தொடாதே. பத்து நிமிடம் கொடு." சிக்கினால் அதைத் தூக்கிக் காட்டுவேன். வெளியில் போனால் பையில் இன்னொன்று. அதில் கூடுதலாக ஒரு வரி: "நான் கழுத்து வழியாக மூச்சு விடுகிறவள், ஆக்சிஜன் கொடுப்பதானால் கழுத்துத் துளையில் கொடுங்கள்." உதவிக்கு ஓடி வருகிறவர் நம் மூக்கில் மாஸ்க்கை மாட்டினால் அந்த ஆக்சிஜன் நுரையீரலுக்குப் போகாது.

சிக்கியபின் அதன் தலையில் இன்னொரு வாய் உணவைப் போட்டுத் தள்ளப் பார்க்காதீர்கள். குனிந்தால் பெரும்பாலும் மேலே வந்துவிடும், துப்பிவிடலாம். நமக்கு அது சுலபம், மேலே வருவது மூச்சுக்குழாயில் விழுந்துவிடுமோ என்ற பயம் இல்லை. ஆனால் எச்சில்கூட இறங்காமல் சில மணி நேரம் ஆகிவிட்டால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவுக்குப் போய் எண்டோஸ்கோபியில் எடுக்கச் சொல்லவேண்டும்.

—

விழுங்கு பயிற்சியாளர் எழுதியது:

ஐயா, நான் பேச்சு-விழுங்கு சிகிச்சையில் வேலை செய்கிறவள். உங்களைப் பரிசோதிக்காமல் காரணத்தைச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்தால் டாக்டரிடம் என்ன கேட்கவேண்டும் என்று உங்களுக்கே தெளிவாகும்.

குரல்வளை இருக்கிறவர் விழுங்கும்போது தொண்டையில் கை வைத்துப் பார்த்தால் அங்கே இருக்கும் மேடு மேலே ஏறி இறங்குவது தெரியும். அது மேலும் முன்னும் நகரும்போதுதான் உணவுக்குழாயின் மேல்வாசல் இழுபட்டுத் திறக்கிறது. உங்களிடம் அந்த இழுப்பு இல்லை. குரல்வளையை எடுத்தபின் மிச்சமிருக்கும் தொண்டைச் சவ்வை ஒரு குழாய்போல் சுருட்டித் தைத்திருப்பார்கள். இனி உணவைத் தள்ளவேண்டிய வேலை முழுக்க நாக்கின் அடிப்பகுதியில் விழுகிறது. அதனால்தான் இந்த அறுவை ஆனவர்கள் விழுங்கும்போது நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, பலமாகத் தள்ளி விழுங்கப் பழக்குகிறோம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொல்வதும் இதற்குத்தான். பாதி வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது.

இந்தப் புதுக் குழாயில் மூன்று இடத்தில் சிக்கல் வரலாம்.

தையல் போட்ட இடத்தில் தழும்பு இறுகி வழி ஒடுங்குவது. கதிர் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். முதலில் கெட்டியானது நிற்கும், அப்புறம் மிருதுவானது, கடைசியில் நீர்கூட. நீங்கள் எழுதிய வரிசையும் ஏறக்குறைய அதுதான்.

அடுத்து, நாக்கின் அடியில், தையல் தொடங்குகிற இடத்தில் ஒரு சதை மடிப்பு உருவாவது. பார்க்கப் பழைய குரல்வளை மூடி போலவே இருக்கும். அதற்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு பை. உணவு அந்தப் பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குனிந்தால் வாய்க்குத் திரும்பி வரும். உங்களுக்கு அப்படி வருகிறதா?

மூன்றாவது, வழி அகலமாகவே இருந்தும் தசை பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. இதற்குச் சிலருக்கு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடுவார்கள்.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான்: உணவு நிற்கிறது. ஆகவே "பேரியம் வைத்து விழுங்கும்போதே வீடியோ எக்ஸ்ரே எடுக்கவேண்டும்" என்று கேளுங்கள். பேரியம் என்பது எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு திரவம். நீங்கள் விழுங்குவது திரையில் ஓடும், எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம். கூடவே எண்டோஸ்கோபி, நோய் திரும்பவில்லை என்று உறுதி செய்ய.

இருமல் தனி விஷயம். சாப்பாட்டுச் சிக்கலோடு அதைக் கலக்காதீர்கள். வழி வேறு என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் குரல் வால்வு வைத்திருக்கிறீர்கள். அதை மாட்ட, பிரித்த இரண்டு குழாய்க்கும் நடுச்சுவரில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அந்த வழியாகக் கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படவேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து, துளைக்குள் டார்ச் அடித்து, உணவுச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு மிடறு விழுங்கிப் பாருங்கள். நிறம் வால்வின் நடுவிலிருந்து வந்தால் வால்வின் கதவு கெட்டுவிட்டது. கேண்டிடா என்ற பூஞ்சை அதில் படிந்து மூடவிடாமல் செய்வது சகஜம். மாற்றினால் சரியாகும். நிறம் வால்வைச் சுற்றி வந்தால் அளவு பொருந்தவில்லை அல்லது துளை பெரிதாகியிருக்கிறது. அதற்குச் சும்மா மாற்றினால் போதாது, பார்க்கவேண்டும். எப்படியானாலும் கசிவை விட்டுவைக்காதீர்கள், நீர் நுரையீரலுக்குத்தான் போகிறது.

—

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா இருவருக்கும் நன்றி. முதலில் பதில் சொன்ன தம்பிக்கும்தான்.

குனிந்தால் வருகிறதா என்று கேட்டீர்கள். வருகிறது. செருப்பு மாட்டக் குனிந்தேன், காலையில் சாப்பிட்ட உருளைக்கிழங்கு வாய்க்கு வந்தது. அஜீரணம் என்று நினைத்து அமிலத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன்.

டார்ச் சோதனையையும் செய்தேன். சாயத்துக்குப் பேத்தியின் கேக் அலங்காரச் சாமானில் இருந்த நீலத்தை எடுத்தேன். மனைவி டார்ச் பிடித்தாள். மிடறு விழுங்கினதும் "நடுவிலிருந்து, நடுவிலிருந்து!" என்று கிரகணம் பார்த்தவள் மாதிரிக் கத்தினாள். வால்வின் நட்டநடுவில் நீலப் பொட்டு. ஆக அது தெரிந்துவிட்டது. டாக்டரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா, இந்த அறுவையின் வரலாற்றையும் புரட்டினேன். புற்றுநோய்க்காக முழுக் குரல்வளையை எடுத்த முதல் அறுவை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1873 டிசம்பர் 31, வியன்னாவில் பில்ரோத் செய்தது. வருடத்தின் கடைசி நாள். என் வால்வின் மூதாதையான ப்ளோம்-சிங்கர் வால்வு வந்தது 1980-இல்தான். நடுவில் நூறு வருடத்துக்கு மேல். அந்த நூறு வருடத்து மனிதர்கள் முதுகில் எத்தனை அறை வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

—

மகள்தான் எழுதியது:

சார், என் அப்பாவுக்கும் இதே அறுவை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாதது.

டாக்டரிடம் போகும்போது தைராய்டு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அறுவையில் தைராய்டின் ஒரு பகுதியையும் எடுப்பதுண்டு, அதோடு கழுத்தில் கதிர்வீச்சு. ரெண்டும் சேர்ந்தால் தைராய்டு குறைவது சகஜம். அப்பா எப்போதும் சோர்ந்து படுத்தே இருந்தார்; சாப்பிட முடியாத வருத்தம் என்று நாங்கள் நினைத்தோம். மாத்திரை கொடுத்தபின் ஒன்றரை மாதத்தில் மனிதர் எழுந்து நடமாடினார்.

இன்னொன்று வாசனை. மூக்கு வழியாக மூச்சு போகாததால் எதற்கும் மணம் இல்லை, மணம் இல்லாததால் ருசி இல்லை. அப்பா சாப்பிடாததற்குப் பாதிக் காரணம் அதுதான். சாப்பிடும் நேரமே தண்டனை மாதிரி ஆகிவிட்டது. அதற்கு ஒரு பயிற்சி உண்டு: உதடுகளை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவதுபோல் தாடையையும் நாக்கையும் கீழே இறக்குவது. வாய்க்குள் இடம் பெரிதாகி மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே இழுபடும். 2000-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள், 'மரியாதையான கொட்டாவி' என்பதுபோல் ஒரு பெயர். சபையில் வாயைத் திறக்காமல் அடக்குகிற கொட்டாவி. அப்பா முதல் வாரம் வெறும் கொட்டாவியாகவே விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் அடுப்படியிலிருந்து ஏதோ தீய்கிறது என்று எழுதிக் காட்டினார். உண்மையிலேயே தீய்ந்திருந்தது. அம்மா அழுதுவிட்டார்.

—

மெதுவாப்போ எழுதியது:

ஆறு வருஷமா யாரும் எனக்கு எக்ஸ்ரே எடுக்கலை. கேட்கணும்னே எனக்குத் தோணலை. ஆறு வருஷம் கழிச்சும் எடுக்கலாமா?

—

விழுங்கு பயிற்சியாளர் எழுதியது:

தம்பி, தாராளமாக எடுக்கலாம். காலம் கடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒடுங்கிய வழியை விரித்துவிடுவதுதான் வழக்கம்; தழும்பு பழையதாக இருந்தால் ஒரு தடவையில் விரியாமல் பல தடவை தேவைப்படலாம், சிலருக்கு அறுவை வேண்டியிருக்கலாம். ஆனால் என்ன என்று தெரியாமல் அரைத்துக் குடிப்பதும், தெரிந்துகொண்டு அரைத்துக் குடிப்பதும் ஒன்றல்ல.

—

பழைய வாத்தியார் எழுதியது (இரண்டு மாதம் கழித்து):

சொல்லாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எண்டோஸ்கோபியில் நோய் திரும்பவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான்கு நாள் காத்திருந்தேன், அதைப் பற்றி எழுத வேண்டாம்.

வீடியோ எக்ஸ்ரே பற்றி எழுதலாம். சுண்ணாம்பைக் கரைத்ததுபோல் ஒரு வெள்ளைத் திரவம். விழுங்கு என்றார்கள், விழுங்கினேன். திரையில் என் தாடை எலும்பு, அதன் கீழே கறுப்பாக ஒரு நீர்த்தாரை இறங்கி, நாக்கின் அடியில் ஒரு பைக்குள் நிரம்பி, நிரம்பி வழிந்து, அதன் பிறகு நூல்போல மெலிந்து கீழே போனது. பயிற்சியாளரம்மா எழுதிய முதல் இரண்டும் எனக்குச் சேர்ந்தே இருந்தன. மூன்று மாதமாக விரல் வைத்துக் காட்டிய இடமும் திரையில் காட்டிய இடமும் ஒன்றேதான். மனைவியைக் கூப்பிட்டு "பார், நான் பொய் சொல்லவில்லை" என்றேன். யாரும் என்னைப் பொய் சொல்கிறேன் என்று சொன்னதில்லை. இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

ஒடுக்கத்தைப் பலூன் வைத்து விரித்தார்கள். மயக்கம் கொடுத்துத்தான். முதல் தடவை 12 மில்லிமீட்டர், மூன்று வாரம் கழித்து 15. ஒரேயடியாக விரித்தால் கிழிந்துவிடும் அபாயம் உண்டு என்பதால் படிப்படியாக. வீட்டுக்கு அனுப்பும்போது காய்ச்சலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே வா என்று இரண்டு முறை சொன்னார்கள். இரண்டு நாள் தொண்டை வலித்தது, வேறொன்றும் இல்லை. தழும்பு மறுபடி இறுகும், திரும்ப வரவேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பையை இப்போதைக்குத் தொடவில்லை. ஒடுக்கம் விரிந்தபின் அதில் தங்குவது குறைந்திருக்கிறது. தொந்தரவு தொடர்ந்தால் அந்த மடிப்பை லேசர் வைத்து வெட்டலாமாம். வால்வையும் மாற்றியாயிற்று, நீலப் பொட்டு இல்லை.

தைராய்டும் குறைவுதான், மகள்தான் சொன்னது சரி. மாத்திரை தொடங்கியிருக்கிறேன். கொட்டாவி இன்னும் கைவரவில்லை. பேரன் என்னைவிட நன்றாகச் செய்கிறான், அவனுக்கு அது தேவையே இல்லை.

இப்போது ஒரு வேளைக்கு 25 நிமிடம். முட்டை இறங்குகிறது. ரொட்டியைச் சூப்பில் நனைத்தால் இறங்குகிறது, காய்ந்த ரொட்டி இல்லை. இறைச்சியை இன்னும் முயற்சி செய்யவில்லை. கதிர் சிகிச்சையில் எச்சில் பாதி வற்றிவிட்டது, அதற்குப் பலூன் என்ன செய்யும்? ஒவ்வொரு மூன்றாவது வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தித் தள்ளும் பயிற்சியை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று வேளை செய்கிறேன். எடை 66.

அட்டை எழுதி வைத்திருக்கிறேன். கடந்த மாதம் ஒரே ஒரு தடவைதான் தூக்கிக் காட்டினேன். மனைவி வாசித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் என்று எழுதியிருக்கிறதே. ஏழாவது நிமிடத்தில் இறங்கியது. "இன்னும் மூன்று நிமிடம் பாக்கி" என்றாள்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பெரிய மாத்திரைகள் இன்னும் சிக்குகின்றன. எல்லாவற்றையும் பொடித்துக் குடிக்கலாமா?

—

ஒன்பதாம் வருடம் எழுதியது:

எல்லாவற்றையும் கூடாது, வாத்தியாரையா. மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்யவேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். பட்டியலை எடுத்துக்கொண்டு போய் மருந்தாளரிடம் காட்டுங்கள். எதைப் பொடிக்கலாம், எதற்குத் திரவ வடிவம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுப்பார். எனக்கு ஏழில் மூன்று திரவமாகவே கிடைத்தது.

இறைச்சியை மூன்றாவது பலூனுக்குப் பிறகு பாருங்கள். மறக்காமல் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

—

மெதுவாப்போ எழுதியது:

எக்ஸ்ரேக்கு வியாழக்கிழமை போறேன்.